குரல் பின்தங்காமல் பதிவு செய்ய: நீலகிரி வீடுகளுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் தேர்ந்தெடுக்கும் வழி

மைக்கில் பாடுகிறோம், அதே குரல் ஹெட்போனில் சற்றுப் பின்னால் வந்து விழுகிறது. அடுத்த வரியிலேயே தாளம் தடுமாறுகிறது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கொண்டுவரும் புகார் இதுதான். படுகப் பாடல்களுக்குக் கீபோர்டு வாசிப்பவர், தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர், கல்லூரியில் படித்துக்கொண்டே கிட்டார் பழகுபவர் என்று யாரும் இதற்கு விலக்கல்ல. இன்னும் விலை கூடிய கருவியை வாங்கினால் சரியாகிவிடும் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். பலருக்கு அது தேவையே இல்லை.

மைக்கையும் கருவிகளையும் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதன் அட்டைப்பெட்டி மேல் அச்சிட்ட எண்களை வைத்து அதை வாங்காதீர்கள். பதிவு செய்யும்போது உங்கள் காதுக்கு எது, எந்த வழியாக வரவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன்பின் டிரைவரை, அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளைப் பாருங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாமதம் எங்கே பிறக்கிறது

மைக்கிலிருந்து வரும் மின்சமிக்ஞையை இன்டர்ஃபேஸ் எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகின்றன. மென்பொருள் அவற்றைக் கையாண்டு திருப்பி அனுப்ப, இன்டர்ஃபேஸ் மறுபடி அவற்றை ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருகிறது. எண்களாக மாற்றுவதற்கும் திரும்ப ஒலியாக்குவதற்கும் ஆகும் நேரம் மிகச் சிறியது. காத்திருப்பு பெரும்பாலும் பஃபரில்தான். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் ஷேர் ஜீப்பைப் போல, கணினி ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை சாம்பிள்கள் (ஒலியைக் குறிக்கும் அந்த எண்கள்) சேரும்வரை காத்திருந்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறது.

இதை நீங்களே கணக்கிடலாம். சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு 48,000 சாம்பிள்கள். பஃபர் 128 என்றால் 2.7 மில்லிவினாடி, 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. உள்ளே வரும்போது ஒரு பஃபர், வெளியே போகும்போது ஒரு பஃபர் என்பதால் இதை இரண்டால் பெருக்க வேண்டும். அதன்மேல் டிரைவர் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்துக்கொள்ளும் நேரமும் சேரும். இந்த ஒதுக்கீட்டை எந்தப் பெட்டியிலும் அச்சிடமாட்டார்கள். ஒரே பஃபர் அளவில் ஒரு கருவி 8 மில்லிவினாடி காட்டுவதும் இன்னொன்று அதைப்போல் இரு மடங்கு எடுத்துக்கொள்வதும் இதனால்தான்.

எவ்வளவு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்? ஒலி காற்றில் ஒரு மில்லிவினாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். மூன்று மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபையரை வைத்து வாசிக்கும் கிட்டார் கலைஞருக்கு 9 மில்லிவினாடி தாமதம் இயல்பாகவே இருக்கிறது. அவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆகவே கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் போய்வரும் மொத்த நேரம் 10 மில்லிவினாடிக்குள் இருந்தால் நிம்மதியாக வாசிக்கலாம். பாடுபவர் நிலைமை வேறு. அவர் குரல் எலும்பின் வழியாகத் தாமதமே இல்லாமல் அவர் காதை அடைகிறது. ஹெட்போனில் சில மில்லிவினாடி பின்னால் வரும் குரல் அதனுடன் கலந்து, வெற்றுக் குழாய்க்குள் பாடுவதுபோல் ஆக்கிவிடும். தாளம் தவறாவிட்டாலும் சுருதி பிடிப்பது சிரமமாகும்.

புதியவர்கள் அநாவசியமாகக் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு. பதிவான குரல் பாட்டோடு பொருந்தாமல் தள்ளிப் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். டிரைவர் சொல்லும் தாமதத்தைக் கணக்கில் எடுத்து, பதிவு மென்பொருள் தானாகவே குரலை முன்னே நகர்த்தி வைத்துவிடும். லேட்டன்சி எனப்படும் இந்தத் தாமதத்தின் தொல்லை வாசிக்கும் நேரத்தில் நம் காதுக்குத்தான். இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

முதல் படி: உங்கள் காதுக்கு எது வரவேண்டும்?

குரலோ புல்லாங்குழலோ வயலினோ அகூஸ்டிக் கிட்டாரோ மட்டும் பதிவு செய்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு வேண்டியது டைரக்ட் மானிட்டரிங். மைக்கின் ஒலி கணினிக்குப் போகும் முன்பே, இன்டர்ஃபேஸுக்குள்ளிருந்தே ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதம் காதுக்கு எட்டாது. விலை குறைந்த கருவிகளில்கூட இந்த வசதி இருக்கிறது. இந்த வகையினர் லேட்டன்சி எண்களைத் தேடிக் கண்விழிக்க வேண்டாம். மிச்சப்படும் பணத்தை நல்ல மைக்குக்குப் போடலாம்.

டைரக்ட் மானிட்டரிங்கிலும் தரம் பார்க்க வேண்டும். வெறும் ஆன், ஆஃப் பொத்தானைவிட, ஒரு பக்கம் மைக், மறுபக்கம் கணினி என்று திருப்பிச் சமன்செய்யும் குமிழ் இருப்பது பாடுபவருக்கு நல்லது. மைக் ஒரே காதில் மட்டும் கேட்காமல் இரு காதிலும் கேட்க மோனோ வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இதை இயக்கும்போது மென்பொருளில் அந்தக் குரல் பதிவாகும் டிராக்கின் மானிட்டர் பொத்தானை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் உடனடிக் குரலும் தாமதக் குரலும் சேர்ந்து கேட்கும். என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை அந்த ஒரு பொத்தானோடு தீர்ந்துபோகின்றன.

எதிரொலி கொஞ்சம் இல்லாமல் பாட வராது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். வறண்ட குரலைக் கேட்டுக்கொண்டு உணர்ச்சியோடு பாடுவது கடினம். அதற்கும் வழி இருக்கிறது. நேர்க்குரலை டைரக்ட் மானிட்டரிங்கில் கேளுங்கள். மென்பொருளில் அந்தக் குரலை ஒரு ரிவெர்ப் டிராக்குக்கு அனுப்பி, நேர்க்குரல் சிறிதும் கலக்காமல் எதிரொலி மட்டும் வரும்படி வையுங்கள். எதிரொலி இயல்பிலேயே பின்னால் வருவதால், 20 அல்லது 25 மில்லிவினாடி தாமதம் அதில் தெரியாது. 512 பஃபரில்கூட நிறைவாகப் பாட முடியும்.

கீபோர்டில் இரண்டு வகை. இங்கே திருவிழாக் கச்சேரிகளிலும் தேவாலயங்களிலும் பெரும்பாலும் வாசிப்பது தன் ஒலியைத் தானே எழுப்பும் கீபோர்டு. அதன் வெளியீட்டை இரண்டு லைன் உள்ளீடுகளில் செருகி நேராகவே கேட்கலாம். தாமதப் பிரச்சினை இல்லை. கணினிக்குள் இருக்கும் பியானோவையோ வயலின் கூட்டத்தையோ மிடி கீபோர்டால் (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பதை மட்டும் கணினிக்கு அனுப்புவது) வாசிப்பவர்களுக்கே தாமதம் தெரியும். அவர்களுக்கும் ஆறுதல் உண்டு: ஒலி உள்ளே வருவதில்லை, வெளியே மட்டும்தான் போகிறது. அதனால் பஃபர் காத்திருப்பு ஒரு தடவைதான்.

எலெக்ட்ரிக் கிட்டாரை நேராகச் செருகி, ஆம்ப் ஒலியை மென்பொருளில் உருவாக்கி வாசிப்பவர்கள்தான் உண்மையில் குறைந்த லேட்டன்சிக்காகப் பணம் செலவிட வேண்டியவர்கள். விரல் பட்ட கணமே ஒலி வராவிட்டால் கை தயங்கும். டைரக்ட் மானிட்டரிங் இங்கே உதவாது, ஏனென்றால் அதில் கேட்பது ஆம்ப் இல்லாத வெறும் கம்பியின் ஒலி. போய்வரும் நேரம் முழுவதும் கணக்கில் வருகிறது. நீங்கள் இந்த வகை என்றால் அடுத்த பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாம் படி: டிரைவர்

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த நிறுவனம் இந்தக் கருவிக்கென்றே எழுதிய ஏசியோ டிரைவரைத் தருகிறதா? ஏசியோ என்பது ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997ஆம் ஆண்டு கொண்டுவந்த முறை. விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு, மென்பொருளைக் கருவியோடு நேரடியாகப் பேசவைக்கிறது. சொந்த டிரைவர் இல்லாத கருவிகளோடு ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அவசரத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் அது விண்டோஸின் சொந்த டிரைவர் மேல் போர்த்திய போர்வை மட்டுமே; பஃபரைக் குறைத்தால் படபடவென்று ஒலி உடையத் தொடங்கும் வாய்ப்பு அதிகம்.

பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் இரண்டு கருவிகளே இதற்குச் சரியான உதாரணம். யூஎம்சி22, யூஎம்சி202எச்டி இரண்டும் கடையில் அருகருகே இருக்கும். விலை வித்தியாசம் பெரிதில்லை என்று முதலாவதை எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. யூஎம்சி22க்குச் சொந்த ஏசியோ டிரைவர் இல்லை, யூஎம்சி202எச்டிக்கு இருக்கிறது. கிட்டார் வாசிப்பவருக்கு அந்தச் சிறு விலை வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

மேக் கணினியில் கோர் ஆடியோ என்ற ஏற்பாடு உள்ளேயே இருப்பதால் பெரும்பாலான கருவிகள் செருகியதும் வேலை செய்யும். லினக்ஸிலும் யூஎஸ்பி ஆடியோ பொது விதிப்படி இயங்கும் கருவிகளுக்குத் தனி டிரைவர் வேண்டாம். ஆனால் சில கருவிகளின் உள் மிக்ஸரை இயக்கும் மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே கிடைக்கும்; லினக்ஸ்காரர்கள் குமிழ்கள் எல்லாம் வெளியிலேயே உள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பது நலம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கும். அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். சாம்பிள் ரேட்டைக் கூட்டினால் அதே பஃபர் சீக்கிரம் நிறையும் என்பது உண்மை. ஆனால் கணினியின் சுமையும் அதே அளவுக்குக் கூடும். பழைய லேப்டாப் மூச்சுத்திணறி, கடைசியில் பஃபரைப் பெரிதாக்கச் சொல்லும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். யூஎஸ்பி 3, யூஎஸ்பி சி என்ற பேச்சும் அப்படித்தான். இரண்டு சேனல் ஒலிக்கு ஒரு திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 2.3 மெகாபிட் போதும், யூஎஸ்பி 2.0 வரம்பு 480 மெகாபிட். யூஎஸ்பி செருகும் வாயின் வடிவம் லேட்டன்சியைக் குறைக்காது.

மூன்றாம் படி: மலைக்கு ஏற்றதா?

ஆடி மாத மழையிலும் ஐப்பசி மழையிலும் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே அனைவரும் அறிந்ததே. யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இன்டர்ஃபேஸ் என்றால் லேப்டாப்பின் பேட்டரி இருக்கும்வரை பதிவு நிற்காது. தனி அடாப்டர் கேட்கும் கருவி அந்த நொடியே அணையும். வேறெல்லாம் சமமாக இருந்தால் முதல் வகையையே எடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய லேப்டாப்பின் யூஎஸ்பி 2.0 வாய் 500 மில்லிஆம்பியர் தரும். சில புதிய கருவிகள் அதைவிட அதிகம் கேட்கின்றன, அதிலும் கண்டென்சர் மைக் இயங்க அதன் கம்பி வழியே தரும் 48 வோல்ட் மின்சாரத்தை, அதாவது ஃபாண்டம் பவரைப் போட்டால். கையேட்டில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிறிய பஃபரில் ஒலி உடைவது அதனாலும் நேரும். பவர் அமைப்பில் உயர் செயல்திறனைத் தேர்ந்துகொள்ளுங்கள். பேட்டரியில் ஒரு நன்மையும் இருக்கிறது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் சார்ஜர் வழியாக உம்மென்ற இரைச்சல் பதிவில் ஏறும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை இன்டர்ஃபேஸில் இல்லை.

தகரக் கூரையில் மழை விழும் ஓசையை எந்த இன்டர்ஃபேஸும் நீக்காது. கண்டென்சர் மைக் அதையும் சேர்த்துக் கேட்கும். அத்தகைய வீட்டில் டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடுவதே மேல். டைனமிக் மைக்கின் வெளியீடு மெல்லியது என்பதால் மைக்கின் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்பில் நல்ல கெய்ன் (பெருக்கும் அளவு), சுமார் 60 டெசிபல், இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு நேர்மாறான தேவையும் நம் மலையில் இருக்கிறது. கோத்தர்களின் கொள் என்ற ஊதுகருவி, இருளர்களின் தவில் போன்றவற்றைப் பதிவு செய்ய விரும்புபவருக்கு, உரத்த ஒலியிலும் சிதறாத உள்ளீடு வேண்டும். கெய்ன் குமிழை முழுவதும் இறக்கிய நிலையில் கருவி எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர் தரும் விவரப்பட்டியலில் தேடுங்கள். அந்த இசையைப் பதிவு செய்யும் கைகள் இன்னும் பல வேண்டும் என்பது என் ஆசை.

நான்காம் படி: எந்தக் கருவி?

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் வரிசையை மட்டும் சொல்கிறேன். தனியாகப் பாடுபவருக்குக் குறைந்த செலவில் யூஎம்சி202எச்டி போதும். அதற்கு மேலே ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, ஆடியன்ட் ஈவோ 4, மோட்டு எம்2. பாட்டோடு கிட்டாரும் வாசிப்பவர்கள் ஸ்கார்லெட் சோலோவைவிட 2ஐ2வை எடுப்பது நல்லது. சோலோவில் மைக் உள்ளீடு ஒன்றுதான், பின்னாளில் இரண்டு பேர் சேர்ந்து பாட நினைக்கும்போது கை கட்டிவிடும். ஈவோ 4 கெய்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பதால் தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு நான் அதைச் சொல்வேன்.

மென்பொருள் ஆம்ப் வழியாக வாசிக்கும் கிட்டார்காரருக்கு என் தேர்வு மோட்டு எம்2. 96 கிலோஹெர்ட்ஸில், 32 சாம்பிள் பஃபரில் 2.5 மில்லிவினாடி என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகவே எண்ணைச் சொல்கிறது. உங்கள் கணினி அந்த அளவுக்கு இறங்காவிட்டாலும், லேட்டன்சியை இப்படி எழுதி வைக்கும் நிறுவனம் டிரைவரைப் பொருட்படுத்துகிறது என்று அறியலாம். முகப்பில் உள்ள சிறு திரையில் ஒலி அளவு தெளிவாகத் தெரிவது கூடுதல் வசதி. ஜெர்மனியின் ஆர்எம்ஈ பேபிஃபேஸ் இவற்றைவிடப் பல மடங்கு விலை. டிரைவர் விஷயத்தில் அதை மிஞ்ச ஆள் குறைவு. ஆயினும் தொடக்கத்திலேயே அதை வாங்க வேண்டிய கட்டாயம் வீட்டில் பதிவு செய்யும் யாருக்கும் இல்லை.

ஹெட்போன் கம்பியுள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத் ஹெட்போன் 100 மில்லிவினாடிக்கு மேல் தாமதிப்பது சாதாரணம். அதை மாட்டிக்கொண்டு எந்த இன்டர்ஃபேஸையும் குறை சொல்ல முடியாது.

முடிந்தால் உங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டே கோயம்புத்தூருக்கு இறங்குங்கள். கடைக்காரரின் கணினியில் நன்றாக ஓடுவது உங்கள் கணினியில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. பழைய கருவியை வாங்குவதாக இருந்தால், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அதன் டிரைவர் இன்றும் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வந்ததும்

கருவியை எந்த ஹப்பும் இடையில் இல்லாமல் லேப்டாப்பிலேயே செருகுங்கள். டிரைவரைக் குறுவட்டிலிருந்து அல்ல, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். பதிவு மென்பொருளில் ஏசியோவையும் உங்கள் கருவியின் பெயரையும் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம். ரீப்பர் 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கக் கிடைக்கிறது, மேக்கில் காரேஜ்பேண்ட் இலவசம்.

பஃபரை 256இல் தொடங்கி, வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் டிராக்குகளை ஓடவிட்டு 128, பிறகு 64 என்று இறக்குங்கள். ஒலி உடையத் தொடங்கினால் ஒரு படி மேலே ஏறுங்கள். அதுவே உங்கள் பதிவு அளவு. 256லேயே உடைந்தால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். விண்டோஸில் எந்த டிரைவர் குறுக்கிடுகிறது என்று அது பெயரோடு காட்டும். வைஃபை டிரைவர் அதில் அடிக்கடி சிக்கும். பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்து வைத்துப் பாருங்கள். மிக்ஸ் செய்யும் நேரத்தில் பஃபரை 1024க்கு ஏற்றிவிடலாம், அப்போது தாமதம் யாரையும் பாதிக்காது.

டிரைவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சோதிப்பது எளிது. ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு, இன்டர்ஃபேஸின் ஒரு வெளியீட்டிலிருந்து லைன் உள்ளீட்டுக்கு ஒரு கம்பியைப் போடுங்கள். டைரக்ட் மானிட்டரிங்கையும் பதிவு செய்யும் டிராக்கின் மானிட்டரையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து அலறும். ஒரு டிராக்கில் கூர்மையான கிளிக் ஒலியை ஓடவிட்டு, அடுத்த டிராக்கில் பதிவு செய்யுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும். 48 கிலோஹெர்ட்ஸில் 48 சாம்பிள் என்றால் ஒரு மில்லிவினாடி. மென்பொருள் ஏற்கெனவே தானாக நகர்த்தியிருப்பதால், இந்த இடைவெளி டிரைவர் சொல்லாமல் விட்ட பங்கு மட்டுமே. டிரைவர் சொன்னதோடு இதைக் கூட்டினால் உண்மையான எண் கிடைக்கும். ரீப்பர் போன்றவற்றில் இந்த மிச்சத்தை அமைப்பில் எழுதி வைத்துவிட்டால், பிறகு பதிவாகும் ஒவ்வொரு டிராக்கும் தன் இடத்தில் சரியாக உட்காரும்.

இணையத்தில் வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன்பே இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் மலைக்கு வரும் கூரியர் தாமதமாகலாம். கெடு பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தா, அனுப்பிய நாளிலிருந்தா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அட்டைப் பெட்டியையும் உள்ளிருக்கும் சிலிகா ஜெல் பொட்டலத்தையும் எறிய வேண்டாம். பதிவு முடிந்ததும் மைக்கையும் இன்டர்ஃபேஸையும் மூடி இறுக்கமான டப்பாவில் அந்தப் பொட்டலங்களோடு வைத்தால், பனிமூட்டம் வீட்டுக்குள் நுழையும் மாதங்களில் குமிழ்கள் கரகரக்காது, மைக்கில் பூஞ்சையும் பிடிக்காது.